கீழே நிற்கிறவர்கள்

— ... சரி, அதை விடு. சாப்பாட்டை வீட்லயே வச்சுட்டு வந்துட்டே. ஜன்னல் வழியா உள்ள வா, சாப்பிட்டுட்டுப் போய் பெயின்ட் அடி.

— மறந்து வைக்கலக்கா. இன்னைக்கு வேண்டாம்.

— ஏன், பெயின்ட் வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிருச்சா?

— ஆறாவது மாடி சன்ஷேடுல நிக்கிறவன்கிட்ட யாராவது கிண்டல் பண்ணுவாங்களா?

— கூடப் பிறந்தவ பண்ணுவா. ... உன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா.

— என்னன்னு?

— வர்ற வெள்ளிக்கிழமை இடுப்புக் கயிறு இல்லாம இங்கே இருந்து அந்தரத்துல கால் வைக்கப் போறியாம். விசுவாசப் பரீட்சையாம். தேவதூதருங்க தாங்குவாங்கன்னு உங்க வீட்டு ஜெபக் கூட்டத்துப் போதகர் சொன்னாராம்.

— அவர் சொல்லல. வேதம் சொல்லுது.

— எந்த இடத்துல? நீ படிச்சியா?

— அவர் சொன்னாரு. கூட்டத்துல வேதத்தை மூடி வைக்கச் சொல்லுவாரு. எழுத்து கண்ணுக்கு, என் குரல் ஆத்துமாவுக்குன்னு... அந்தக் குரலை நீ கேக்கணும்க்கா. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள்ள ஓடும்.

— இப்பவும் ஓடுதா?

— ... நீ பேசும்போது கொஞ்சம் அடங்குது.

— அப்ப பேசிக்கிட்டே இருக்கேன். எங்க சபை வேதபாடத்துல ஒரு பழக்கம் உண்டு. யார் வசனம் சொன்னாலும் மேல கொஞ்சம், கீழ கொஞ்சம் படிப்போம். அது யார் வாயில இருந்து வந்ததுன்னு பாப்போம். நாங்க பக்கத்தைப் புரட்டுற சத்தத்துக்கே எங்க போதகருக்கு வேர்த்துரும்.

— அதுக்காக சாப்பாட்டுப் பையில வேதமா?

— உனக்குத்தான். நான் ஜன்னல்ல விரிச்சுப் பிடிக்கிறேன். மத்தேயு சுவிசேஷம், நாலாம் அதிகாரம். நீயே படி.

— கையெல்லாம் பெயின்ட்டு.

— கண்ணுல இல்லையே.

— ... தேவாலயத்து உச்சியில கொண்டுபோய் நிக்க வைக்கிறான்... கீழ குதின்னு... தூதருங்களுக்குக் கட்டளையிடுவார், கையில ஏந்திக்குவாங்க... அக்கா, இதேதான். இதே வார்த்தை.

— யார் சொல்றது? வாய் விட்டுச் சொல்லு.

— பிசாசு.

— யார்கிட்ட?

— இயேசுகிட்ட.

— அவர் குதிச்சாரா?

— இல்ல. கர்த்தரைப் பரீட்சை பாக்காதேன்னுட்டாரு. ... எங்க போதகர் இந்த உச்சியைப் பத்திச் சொல்லவே இல்லக்கா. தூதருங்களைப் பத்தி மட்டும்தான் சொன்னாரு.

— ம்... உள்ள வா.

— கீழ பாரு.

— நான் பாக்கணும்னு இல்ல.

— எங்க போதகர் நிக்கிறாரு. கூட்டத்துக்கு வர்ற எல்லாரும் நிக்கிறாங்க. காலையில இருந்து. ஒருத்தரும் பேசல... எல்லா முகமும் மேலயே...

— வரும்போது அவங்க நடுவுலதான் வந்தேன். ஒதுங்கி வழி விட்டாங்க. யாரும் என்னைப் பாக்கல. எல்லாரும் ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

— அவர் கையைத் தூக்குறாரு.

— நீ என்னைப் பாரு.

— வெள்ளிக்கிழமைன்னு வீட்ல பொய் சொன்னேன்க்கா. இன்னைக்குத்தான். ... நான் கயிறு கட்டல.

— தெரியும்டா. இந்த ரூமுக்குள்ள வந்ததும் மூலையில அது சுருட்டிக் கிடந்ததைத்தான் முதல்ல பாத்தேன். கத்தினா நீ காலை எடுத்து வெளியே வச்சுருவேன்னுதான் இவ்வளவு நேரம் மெதுவாப் பேசினேன். கையைக் குடு.