தம்பிக்கு நான் வாங்கிக்கொடுத்த பெயர்

எங்கள் குடும்பத்தில் யாரும் குடித்ததில்லை. கால் பாட்டில் பிராந்தியை எப்படிக் கொண்டுபோவது என்றுகூடத் தெரியாமல், முதல் தடவை வாங்கியபோது மஞ்சள் பைக்குள் வைத்து மேலே முருங்கைக்காயைப் போட்டுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இறந்துபோன என் தம்பி தவசிமுத்துவின் சட்டை முழுக்கப் பிராந்தி. அறுத்துப் பார்த்த டாக்டர் வயிற்றில் ஒரு சொட்டும் இல்லை என்கிறார். இரண்டும் உண்மை.

ராஜபாளையத்தில் எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று தவசி சொல்லுவான். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடி மாதம், சாப்பாட்டுத் தூக்கில் ஸ்பேனரைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, ராஜபாளையத்துக்கு எப்படிப் போவது என்று விசாரித்திருக்கிறான். பிறந்ததிலிருந்து போய்வருகிற பாதை.

எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களைப் பெற்ற ஐயாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசி நான்கு வருஷம் அவரை நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வைத்துப் பூட்டியிருந்தோம். காசிக்குப் போய்விட்டார் என்று ஊருக்குச் சொன்னோம். சோறு வைக்கப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்து, "யாருப்பா நீ?" என்று கேட்பார். அந்தத் தூக்கைத் திறந்து பார்த்த அன்று, குளிக்கும்போது என் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெயர் வருவதற்கு நேரமாயிற்று. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

தம்பி மனைவி ரத்தினம் விடவில்லை. "அத்தான், நேத்து அவிய என்னையே யாருன்னு கேட்டாவ. டாக்டரப் பாக்கணும்" என்றாள். மூவரும் போனோம். டாக்டர் என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தவசி தொண்ணூற்று மூன்றோடு நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"ஆரம்பத்திலேயே கூட்டிட்டு வந்தது நல்லது. வயசானா மறதி வரும்னு விட்டுராதீங்க. ரத்தத்துல குறையா, தைராய்டா, மூளையிலயே வியாதியான்னு பாக்கணும். சிலது மருந்துல சரியாயிரும். ஆகாததையும் பக்குவமாப் பாத்துக்கலாம்" என்று மதுரை நரம்பு டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள்தான் கிழித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனால் நம் ஊர்க்காரர்கள் யாராவது பார்ப்பார்கள். தம்பிக்கு இரண்டு பெண்கள். பரம்பரைப் பைத்தியம் என்று பெயர் வந்தால் அவர்களை எவன் கட்டுவான்? குடிகாரன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பான். எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே தவசி வழி தெரியாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் சட்டையில் கொஞ்சம் பிராந்தியைத் தெளித்தே கூட்டிவந்தேன்.

ஊர் சீக்கிரம் நம்பியது. "ஏலே, சின்ன மொதலாளி பஸ்ஸுல ஏறல, பாட்டில்ல ஏறிட்டாரு" என்று தறிக்கார பால்பாண்டி என் காதுபடவே சொன்னான். குடியால்தான் மறதி என்று ரத்தினத்தையும் நம்பவைத்தேன். தவசியும் நம்பியதுதான் நான் எதிர்பாராதது. ஒருநாள் என் காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, எப்பக் குடிச்சேன்னே ஞாபகம் இல்ல. இனிமே தொடமாட்டேன். எம் பிள்ளைய மேல சத்தியம்" என்று அழுதான். சரி, எழுந்திரு என்றேன்.

இந்த வைகாசி பதினான்காம் தேதி, மூத்தவள் செல்வக்கனியைப் பெண் பார்க்க தேவதானத்திலிருந்து மூன்று மணிக்கு வருவதாக இருந்தார்கள். காலையிலிருந்து தவசியைக் காணவில்லை. தேடிவந்தபோது, பதினொன்றரை மணிக்கு, இங்கே பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் வெயிலில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது. குடைக்கடை பிச்சை முகம்மது தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, குடிச்ச மாதிரி தெரியல. செத்த நேரம் பொறுங்க, ஆட்டோ புடிச்சிட்டு வாரேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

ஆஸ்பத்திரி என்றால் எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேதி போகும். அவர் ஆட்டோ பார்க்கத் திரும்பியபோது, தம்பியின் தலையைத் தூக்குவதுபோல் குனிந்து, பையிலிருந்த பாட்டிலை அவன் நெஞ்சில் கவிழ்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன். "வேண்டாம் பாய். மோந்து பாருங்க. தெளிஞ்சா எந்திரிச்சு வந்துருவான்" என்றேன். அவர் செம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

தவசி கண்ணைத் திறந்து, "அண்ணே" என்றான். அன்றைக்குப் பார்த்து என்னை அடையாளம் தெரிந்திருந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன்.

ஐந்து மணிக்குப் பிணமாகத் தூக்கும்வரை அவன் அங்கேயே கிடந்தான் என்கிறீர்கள். தாண்டிப்போனவர்களில் எங்கள் தறிக்கூடத்து ஆட்களே ஆறு பேர் என்கிறீர்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. குடித்துக் கிடப்பவனை யார் எழுப்புவார்கள்?

பெண் பிடித்திருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த வயிற்று விஷயத்தை மட்டும் கோர்ட்டில் வாசிக்க வேண்டாம். குடிக்கவில்லை என்றால், பிறகு என்ன வியாதி என்று கேட்பார்கள். சின்னவளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?