இருபத்தைந்து பிரதிகள் மட்டும்

தருமபுரி வெயிலில் எனக்குப் பிடித்த ஒரே குணம், அது நான் படம் செதுக்கும் லினோலியத் தகட்டை நன்றாக இளக்கிக் கொடுக்கும். இளகாத தகட்டில் உளி வழுக்கிக் கையைக் கிழித்துவிடும். நான் ரத்தம் பார்த்தால் மயங்குகிற ஆள், இன்ஸ்பெக்டர் மேடம். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரபாகர். நல்லம்பள்ளியில் வாடகை வீடு. புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். மிச்ச நேரத்தில் பறவை, மரம், பூச்சி என்று லினோலியத்தில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுத்து விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெங்களூரு இயற்கை ஆர்வலர்கள். பதினான்காவது மாடியில் ஏசி போட்டுக்கொண்டு காட்டை நேசிப்பவர்கள். அவர்களுக்கு நான் தரும் வாக்கு ஒன்றுதான்: ஒரு படத்துக்கு இருபத்தைந்து பிரதிகள். எடுத்து முடித்ததும் தகட்டின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு கோடு இழுத்துவிடுவேன். அதன் பிறகு நானே நினைத்தாலும் இன்னொன்று எடுக்க முடியாது. நாணயமான தொழில்.

வத்தல்மலையில் மாதையன் என்கிற விவசாயியின் தோட்டத்து நாவல் மரத்தில் இருவாச்சிப் பறவை கூடு அடைந்திருந்தது. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தானே பூசி மூடிக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை அதன் வழியாகப் பழம் ஊட்டும். குஞ்சு வளரும்வரை இதுதான் குடித்தனம். மாதையன் வீட்டு ஒட்டு அறையில் தங்கி அதைச் செதுக்கினேன். வாடகை வாங்க மாட்டார். சாப்பாடும் அவர் வீட்டில்தான்.

சில வாரம் கழித்து, படம் வாங்கிய அம்மையார் ஒருவர் போன் செய்தார். அதே மரம், அதே பொந்து, வேறு யாரோ வரைந்தது, அவர் தோழி வீட்டுச் சுவரில் தொங்குகிறதாம். உங்களுடையது அரிது என்றீர்களே என்றார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

மறுபடி மலையேறி, அதே ஒட்டு அறையில் தங்கி விசாரித்தால், மாதையன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கூட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார். “பாத்துட்டுப் போகட்டுமே சார், பாத்தா தேஞ்சா போயிரும்?” என்று என்னிடமே கேட்டார். தாராள மனசு. அவருக்கென்ன, அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது, நான் தப்பான இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். மூலம் மரத்தில் இருக்கிறது.

மாதையன் சந்தைக்குப் போயிருந்த மதியம், மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறினேன். பிளம்பர்கள் குழாய் ஒழுகலை அடைக்கிற பசையால் அந்தக் கீறலை மூடினேன். முக்கால்வாசி வேலையைப் பறவையே முடித்து வைத்திருந்தது; நான் சின்ன உதவிதான் செய்தேன். இறங்கும்போது உள்ளே கொத்தும் சத்தம் கேட்டது. பசை நல்ல தரம்.

மறுநாள் காலை மாதையன் என் அறைக்கு ஓடி வந்தார்.

“எந்தப் பாவியோ பொந்த அடச்சுப்புட்டானுங்க சார். ஆம்பளப் பறவை வாயில பழத்த வச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும் அல்லாடுது. உங்க உளியக் குடுங்க. ஏணிய மட்டும் செத்த புடிச்சிக்கிங்க.”

கொடுத்தேன். பிடித்துக்கொண்டேன். அவர் மேலே நின்று பசையைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். உளியை அப்படியா பிடிப்பார்கள்? பிறகு கீழே குனிந்து, “உசுரு இருக்குதுங்க சார்” என்று சிரித்தார்.

நீங்களே சொல்லுங்கள், இருபத்தைந்து பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஏணியை இழுத்தேன். கீழே பாறை இருப்பது எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வழுக்கி விழுந்தார் என்று ஊருக்குச் சொன்னேன். அவர் மனைவி பாஞ்சாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கூட இருந்ததால கடைசியா ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடுத்திருப்பீங்க சார்” என்று அழுதார். நான் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை, துக்க வீட்டில் எதிர்வாதம் பேசுவது அழகல்ல.

யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காரியம் முடிந்த பிறகு தோட்டத்துக்குப் போனேன். மாதையன் திறந்துவிட்ட இடைவெளி போதுமானதாக இருந்திருக்கிறது. ஆண் பறவை ஆலம்பழம் ஊட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நாலைந்து பேர் கேமராவோடு நின்றார்கள். பாஞ்சாலி கையை நீட்டி அவர்களுக்குப் பொந்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, மேடம். என்னை நம்பிய இருபத்தைந்து பேரை ஏமாற்றிவிட்டேன். மனசாட்சி உள்ளவன் எப்படித் தூங்குவான்?