கல்குவாரியில் இடி விழுந்த அன்று

என் பெயர் அரங்கநாதன், வயது 51, த/பெ. ராஜாங்கம் (லேட்). சொந்த ஊர் திருநாவலூர். தற்போது கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் மனைவி அமிர்தத்துடன் குடியிருந்து கொண்டு, சுற்றுச்சூழல் பொறியாளராக அரசுப் பணி செய்து வருகிறேன்.

நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து 1994-ல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, முதலில் பாலம் கட்டும் வேலையும், பிறகு மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலையும் பார்த்தேன். அங்கே ஒரு வெடிப்பில் எனக்கு வலது காது கேட்காமல் போய்விட்டது. நாங்கள் வெடி எடுத்துக் கொடுத்த நிலத்தில் மறுபடி கோதுமை விளைந்ததைப் பார்த்திருக்கிறேன். மேஜராக ஓய்வு பெற்ற பின், இதுவும் அது போன்ற வேலைதான் என்று நினைத்துத் தேர்வு எழுதி இந்தத் துறைக்கு வந்தேன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் தங்கதுரை என்பவர் நடத்தி வந்த கல்குவாரியால் ஓடைத் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல் வருவதாக ஊர்க்காரர்கள் மனு கொடுத்ததன் பேரில் நான் ஆய்வு செய்ததில், அனுமதி இல்லாமல் நடத்துவது தெரிய வந்து, மூட உத்தரவானது. அதன்படி 16.05.2023 அன்று மதியம் டிரைவர் பழனியுடன் ஜீப்பில் சீல் வைக்கப் போனேன். எங்களைப் பார்த்ததும் வெடி வைக்கும் ஆள் பைக்கில் ஏறிப் போய்விட்டான். தங்கதுரை கேட்டுக்கு வந்து, "வேல நிறுத்தி மாசமாவுது சார். உள்ள ஒரு ஆளு கெடையாது" என்றார்.

ஆனால் பாறையில் புதிதாகத் துளை போட்டு, வெடிமருந்து அடைத்து, வயர்களை வெளியே விட்டிருந்ததைக் கண்டேன். அந்த நேரம் மலைப் பக்கம் இடி இடித்தது. மின்சாரத்தில் வெடிக்கும் டெட்டனேட்டர், மின்னல் பட்டால் யாரும் பொத்தானை அழுத்தாமலே வெடித்துவிடும். இடி கேட்டால் அந்த இடத்தை விட்டு எல்லோரும் விலக வேண்டும் என்பது ராணுவத்தில் விதி. அதன்படி விலகச் சொல்லி நானும் திரும்பினேன். அப்போது பழனி, "சார், கீழ ஒரு பொம்பள கத்துது" என்றான். எனக்குக் கேட்கவில்லை. தங்கதுரை, "ஆடு மேய்க்கிறதுங்க சார், போய்டும்" என்றார்.

நான் கீழே இறங்கிப் பார்த்ததில், கருணாபுரத்தைச் சேர்ந்த, குவாரியில் கல் உடைக்கும் பாப்பாத்தி என்ற பெண் துளை போட்ட பாறைக்கு நேர் கீழே, இடது கால் மேல் கல் உருண்டு விழுந்ததில் எழ முடியாமல் கிடந்தார். ஆபீசர் வருகிறார், ஒளிந்துகொள் என்று தங்கதுரை விரட்டியதால் அங்கே போய்ப் பதுங்கியதாகச் சொன்னார். நான் வயர்களின் முனைகளைச் சேர்த்து முறுக்கினேன். அதனால் ஆபத்து குறையும், தீராது. கூடவே இறங்கிய பழனியை மேலே போகச் சொன்னேன். "நீங்க ஒண்டியா எப்டி சார் தூக்குவீங்க?" என்று சொல்லிவிட்டுப் போய், ஜீப்பிலிருந்து கடப்பாரையோடு திரும்பி வந்தான்.

பாப்பாத்தி என்னிடம், "இன்னா சார் முறுக்கிக்கினு கீறீங்க? கல்ல எடுங்க சார்" என்றார். மழை வருகிறது, எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். கடப்பாரை இரண்டு முறை வழுக்கியது. அதன் பிறகு கல் அசைந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் வந்து சேர்ந்ததும் மின்னல் வெட்டி, பாறை வெடித்துச் சரிந்தது. அவர் கிடந்த இடம் மூடிப்போனது. பழனி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. ஆகவே நானே ஜீப்பை ஓட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

ராணுவத்தில் வெடி வேலை தெரிந்தவன் என்பதால் நானே வெடிக்கச் செய்ததாகத் தங்கதுரை கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது பொய். வெடிக்கச் செய்ய நினைப்பவன் அதற்குக் கீழே போய் உட்கார மாட்டான்.

வீட்டில் அம்மி விழுந்து கால் முறிந்தது என்று சொல்லும்படி தங்கதுரையின் ஆட்கள் ஆஸ்பத்திரியில் மிரட்டியதாகப் பாப்பாத்தி என்னிடம் சொன்னார். இப்போது அவர் மாவுக்கட்டுடன் இந்த ஸ்டேஷன் வராந்தாவில் இருக்கிறார். கால் ஆறிய பிறகு வாக்குமூலம் கொடுக்கலாமே என்றேன். அதற்கு அவர், "நாளைக்கின்னா பயம் வந்துடும் சார். இன்னிக்கே எழுதிக்கட்டும்" என்றார். தயவுசெய்து அவரை இன்றே விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் கண்டவை நான் நேரில் பார்த்ததும் செய்ததும் ஆகும். படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது.

(ஒப்பம்) அரங்கநாதன்