பூட்டுக்காரன் வேண்டாம்

லெசியேலி: போன வருஷம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டியே அண்ணி, ஞாபகம் இருக்கா? ‘இந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடிட்டா, உன் தலையிலேர்ந்து எத்தனை பாட்டைத் திரும்ப எழுதுவே?’ன்னு...

லாட்டாய்: கேட்டேன். நீ சிரிச்சு மழுப்பிட்டே.

லெசியேலி: இன்னிக்குக் காலையில எண்ணிப் பார்த்தேன். ஒன்பது.

லாட்டாய்: மொத்தம்?

லெசியேலி: நாப்பத்தியொண்ணு.

லாட்டாய்: அடிப்பாவி... தள்ளி உக்காரு. இந்தா, உங்க அண்ணன் கொடுத்தனுப்பினது. இந்தக் கறுப்புப் பெட்டி வெளியில மாட்டற டிஸ்க். இந்தச் சின்னக் குச்சியில மூணு சாஃப்ட்வேர் இருக்காம். மூணையும் திறந்து பார்த்து, பிடிச்சதை வச்சுக்கச் சொன்னார்.

லெசியேலி: மூணா? அவர் எங்கே இப்ப?

லாட்டாய்: எங்கே இருப்பார்... சீமைப்பலா மரத்தடியில, இந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. தங்கச்சி ரூமை எட்டிப் பார்த்துடுவாரா செமிசி?

லெசியேலி: நான் பெரியவளானதிலேர்ந்து இந்த வாசப்படியை மிதிச்சதில்ல அவர்.

லாட்டாய்: தெரியும் தாயே. அதான் நடுவுல நான் கால் தேய நடக்கிறேன். ஊர் கம்ப்யூட்டரையெல்லாம் கடையில பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ற மனுஷன், உன்னோடதுக்கு மட்டும் மரத்தடியிலேர்ந்து வைத்தியம்.

லெசியேலி: உள்ளே என்ன இருக்குன்னு கேட்டாரா?

லாட்டாய்: நீ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடப் பாடம். நோவா, யோனா, அஞ்சு அப்பம் ரெண்டு மீன்.

லெசியேலி: நம்பினாரா?

லாட்டாய்: ‘ஆறு வருஷமாவா எழுதறா?’ன்னார். யோனாவை முழுங்கின மீன் பெரிசு, பாடமும் பெரிசுன்னேன்.

லெசியேலி: சிரிக்காதே அண்ணி. கேளு... டிக்... டிக்... நேத்து இவ்வளவு சத்தமில்ல.

லாட்டாய்: உள்ளே பல்லி மாட்டிக்கிட்டிருக்கும்.

லெசியேலி: பல்லி இல்ல, சாவு சத்தம். இன்னிக்குள்ள நகல் எடுக்கலேன்னா அவ்வளவுதான். அவரைவிட்டா இதெல்லாம் தெரிஞ்ச ஆளும் கிடையாது. ஆனா அவருக்கு மட்டும் தெரியவே கூடாது... அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரூம்ல உக்காந்து காதல் படம் பார்க்கக் கூடாதுன்னு வளர்ந்தவங்க நாங்க. வெள்ளிக்கிழமை கவா வேர்ச்சாறு குடிச்சுக்கிட்டே மாக்காவும் அவன் கூட்டாளிங்களும் பாடறாங்களே, அந்தப் பாட்டெல்லாம் நான் எழுதினதுன்னு தெரிஞ்சா? அவரும்தானே அந்தக் கூட்டத்துல இருக்கார். முகத்தை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவார்? அன்னிக்கே நான் எழுதறதை மூட்டை கட்டணும்.

லாட்டாய்: உன் பாட்டை மாக்காகிட்டக் கொடுக்கறப்போ, எழுதினது யாருன்னு நான் மூச்சு விடல. கவலைப்படாம முதலாவதைத் திற. மேகம் போட்டிருக்கே, அது.

லெசியேலி: திறந்தாச்சு... இது எல்லாத்தையும் இண்டர்நெட் வழியா அனுப்பி எங்கேயோ வச்சிருக்குமாம். கலிஃபோர்னியாவாம் அண்ணி.

லாட்டாய்: நீயே தலைநகர் நுகுஅலோஃபாவைத் தாண்டினதில்ல. பாட்டுக்கு வந்த வாழ்வைப் பாரு.

லெசியேலி: ஆனா எரிமலை வெடிச்சு கடலுக்கடியில கேபிள் அறுந்துச்சே, அந்த மாதிரி மறுபடி ஆச்சுன்னா?

லாட்டாய்: அதை ஏன் கேக்கறே... ஆக்லாந்துல இருக்கிற எங்க அம்மா முகத்தை ஒரு வருஷத்துக்கு மேல ஒழுங்காப் பார்க்க முடியல. பாட்டு அங்கே, நீ இங்கே, நடுவுல கடல். மேகக்காரன் வேண்டாம். அடுத்தவன்?

லெசியேலி: இதுல பூட்டு படம். ஒரே கறுப்பு... எடுத்ததுமே பாஸ்வேர்டு கேக்குது.

லாட்டாய்: இதைத்தான் எடுத்துக்கச் சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். எல்லாத்தையும் பூட்டி வச்சிடுமாம். டிஸ்க் யார் கையில கிடைச்சாலும் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாதாம், அவராலயும் முடியாதாம். பாஸ்வேர்டு உனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும், என்கிட்டகூடச் சொல்ல வேண்டாம்னார்.

லெசியேலி: ...நல்லாத்தான் இருக்கு.

லாட்டாய்: அப்புறமென்ன, போடு.

லெசியேலி: இரு, இரு. நோவா கதைக்கு எதுக்குப் பூட்டு?

லாட்டாய்: வெள்ளம் உள்ளே வராம இருக்க.

லெசியேலி: விளையாடாதே. நான் பூட்டு வேணும்னு சொல்லிட்டா, பைபிள் பாடத்துல மறைக்க என்ன இருக்குன்னு அவருக்கு யோசனை ஓடும். அந்தப் பூட்டே என்னைக் காட்டிக் கொடுத்துடும்.

லாட்டாய்: அவரேதானேடி போடச் சொல்றார்...

லெசியேலி: ஆழம் பார்க்கிறார். எங்க அண்ணனை எனக்குத் தெரியாதா? பூட்டுக்காரன் வேண்டாம். மூணாவது... ஐயோ, இதைப் பாரேன்.

லாட்டாய்: என்ன அது, ஆமையா?

லெசியேலி: பச்சை ஆமை. நகல் எடுக்க எடுக்க அது கரையைப் பார்த்து நீந்துமாம். காசும் கிடையாது. இரு, இங்கே என்ன போட்டிருக்கு... பழசையும் தூக்கிப் போடாதாம். நீ இன்னிக்கு ஒரு வரியை அழிச்சா, போன வாரம் அது எப்படி இருந்துச்சுன்னு திரும்ப எடுத்துக் கொடுக்குமாம். அண்ணி, அழிச்ச வரியைக்கூட.

லாட்டாய்: மெதுவா, மெதுவா. நாற்காலி உடையப் போகுது.

லெசியேலி: படகுத்துறைப் பாட்டுல ஒரு வரியை அழிச்சுட்டு ரெண்டு நாள் சோறு இறங்காம உக்காந்திருந்தேனே... இது அப்பவே இருந்திருந்தா... இதுதான். இவன்தான். பச்சைக்காரன்.

லாட்டாய்: அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். நீ எதையும் அமுக்காதே...

லெசியேலி: ...என்ன சொன்னார்? ஏன் இவ்வளவு நேரம்?

லாட்டாய்: பச்சைக்காரன்னு சொன்னதும் முகம் சுருங்கிடுச்சு. ‘பூட்டு வச்சதுதான் நல்லது, இன்னொரு தடவை அவகிட்டச் சொல்லு’ன்னார். நாத்தனார் தீர்ப்பு சொல்லியாச்சு, மேல்முறையீடு கிடையாதுன்னேன். தங்கச்சி சொன்னா தட்டுற வழக்கம் உங்க குடும்பத்துல உண்டான்னு கேட்டேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சரின்னுட்டார்.

லெசியேலி: பார்த்தியா, ஆழம்தான் பார்த்திருக்கார். சரி... ‘வாரம் ஒருமுறை, ஞாயிறு’ன்னு தானா போட்டிருக்கு.

லாட்டாய்: மாத்து, மாத்து. ஞாயித்துக்கிழமை நாம ஒரு துணிகூட அலசறதில்ல. ஆமைக்கு மட்டும் என்ன வேலை?

லெசியேலி: செவ்வாய்?

லாட்டாய்: செவ்வாய் எனக்குக் கோயில் கூட்டம். புதன் போடு.

லெசியேலி: உன் கூட்டத்துக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்?

லாட்டாய்: அது நீந்தறதை நானும் பார்க்க வேண்டாமா?

லெசியேலி: புதன்... ஆச்சு. அடுத்து, ‘வேலை முடிந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டிய முகவரி’யாம். எனக்கு ஏது இமெயில்?

லாட்டாய்: உங்க அண்ணனோடதைப் போட்டுவிடு. போடாம அடுத்த பக்கம் விடமாட்டேங்குதே. நகர்... நானே அடிக்கிறேன். ம்... ஆச்சு. அமுக்கு.

லெசியேலி: நீ அமுக்கேன்.

லாட்டாய்: உன் பாட்டு, நீதான் அமுக்கணும்.

லெசியேலி: ...நீந்துது. அண்ணி, நீந்துது. ஆறு... ஏழு... பன்னெண்டு...

லாட்டாய்: என்ன வேகம் பாரேன். போட்டிப் படகு தோத்துடும்.

லெசியேலி: இருபத்திரெண்டு... இருபத்திமூணு... ஏன் நின்னுடுச்சு?

லாட்டாய்: ஆமை மூச்சு வாங்குது.

லெசியேலி: டிக் டிக்குனு அடிச்சுக்குது அண்ணி. இருபத்திமூணோட போயிடுமா? மீதி பதினெட்டு? நான் எழுதினதுலயே நல்லதெல்லாம் கடைசியிலதான்...

லாட்டாய்: கையைக் கொடு. திரையைப் பார்க்காதே, என்னைப் பாரு. மூச்சை விடு...

லெசியேலி: நகர்ந்துடுச்சா?

லாட்டாய்: நகர்ந்துடுச்சு. இருபத்தினாலு. இருபத்தெட்டு. பாரு இப்ப.

லெசியேலி: முப்பத்தொன்பது... நாப்பது... நாப்பத்தியொண்ணு. கரை ஏறிடுச்சு. அண்ணி, ஆமை கரை ஏறிடுச்சு.

லாட்டாய்: விடு, விடு, கழுத்தை நெரிச்சுடுவே போல... ஏய், எதுக்குடி அழறே?

லெசியேலி: அழல. ஆறு வருஷம் அண்ணி... இந்தக் கறுப்புப் பெட்டி என் உள்ளங்கைக்குள்ள அடங்குது. இனிமே இது செத்தாலும் சாகட்டும். அடுத்த பாட்டை இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். முதல் வரிகூட இருக்கு...

லாட்டாய்: பாடு, கேப்போம்.

லெசியேலி: அவர் மரத்தடியில இருக்கும்போதா? வேற வினையே வேண்டாம்... அது என்ன சத்தம்?

லாட்டாய்: அவர் போன். உன் ஆமை அறிக்கை அனுப்பிடுச்சு போல.

லெசியேலி: அறிக்கைன்னா... ‘முடிஞ்சுது’ன்னு ஒரு வரி இருக்கும். அவ்வளவுதானே?

லாட்டாய்: அப்படித்தான் இருக்கும். இங்கேயே காட்டுதே, ‘அறிக்கையைக் காண்க’ன்னு. அமுக்கு.

லெசியேலி: ‘வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்ட கோப்புகள். ஒன்று, உன் ஈரச் சட்டை உலருமுன்னே. இரண்டு, படகுத்துறையில் நீ திரும்பிப் பார்த்தபோது. மூன்று, என் தலையணைக்குத் தெரியும்...’

லாட்டாய்: இரு, இரு, இதெல்லாம் பேரா?

லெசியேலி: எல்லாம் முதல் வரி அண்ணி. ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரியைத்தான் பேரா வச்சேன். நாப்பத்தியொண்ணும் அவர் கையில இருக்கு.

லாட்டாய்: ஒண்ணுக்காவது நோவான்னு பேர் வச்சிருக்கக் கூடாதா?

லெசியேலி: ஓடு. போய் போனை வாங்கிக்கோ. பேட்டரி பார்க்கணும்னு சொல்லு, உங்க அம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லு...

லாட்டாய்: எடுத்துட்டார்.

லெசியேலி: படிக்கிறாரா?

லாட்டாய்: தலை குனிஞ்சிருக்கு. விரலால ஒரே ஒரு தடவை தள்ளினார்... நிறுத்திட்டார். போனைக் கவுத்து மடியில வச்சுட்டார்.

லெசியேலி: இங்கே திரும்பறாரா?

லாட்டாய்: இல்ல. எழுந்துட்டார். பாயைச் சுருட்டி மரத்துல சாத்தறார்... ரோட்டுப் பக்கம் நடக்கிறார்.

லெசியேலி: உன்னைப் பார்த்து ஏதாவது சொன்னாரா? கையாவது காட்டினாரா?

லாட்டாய்: ஒரு வார்த்தை பேசல. வேலியைத் தாண்டிப் போயிட்டார்.

லெசியேலி: முடிஞ்சுது. பாட்டெல்லாம் பிழைச்சுது, எழுதினவ நான் செத்தேன். இனிமே எந்த முகத்தோட எழுதுவேன் அண்ணி?

லாட்டாய்: எழுதற முகத்தோடதான். கேளு... உன்கிட்ட நான் இதைச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். மாக்காதான் எனக்குச் சொன்னான். நாலு வருஷமா வெள்ளிக்கிழமை கூட்டத்துல உன் பாட்டை எடுத்தாங்கன்னா, உங்க அண்ணன் குடிச்சுக்கிட்டிருக்கிற கொட்டாங்கச்சியைக் கீழே வச்சுட்டு, இப்படித்தான் ஒரு வார்த்தை பேசாம எழுந்து வெளியே போவாராம். வேற யார் பாட்டுக்கும் எழுந்ததில்லையாம். உன் பாட்டு முடிஞ்சதும் திரும்ப வந்து உக்காந்துக்குவாராம். யார் எழுதினதுன்னு தெரியாமலா இன்னிக்குப் பூட்டு போடு, பூட்டு போடுன்னார்?