அழகுமலை சரிபார்த்துக் கொடுத்த ரைபிள்

தலைமை ஏற்றிருக்கும் தமிழ் மன்றத் தலைவர் ஐயா உமாபதி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் கிளப் மேலாளர் சப்ரீனா மேடம் அவர்களே, கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு துபாய் தேராவின் இந்த மாடி ஹாலுக்கு வந்திருக்கும் தொழிலாளர் கேம்ப் நண்பர்களே, கிளப் உறுப்பினர்களே! உசிலம்பட்டியிலிருந்து வீடியோவில் எங்களோடு இருக்கும், ஹவில்தார் அழகுமலையின் மனைவி நாகஜோதி மதினி அவர்களே! எல்லாருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

நான் முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரன். துப்பாக்கி சுடும் கிளப்பில் ரேஞ்ச் ஆபீசர். "சுடு", "நிறுத்து" என்று நாள் முழுக்கக் கத்துவது என் டியூட்டி. அதனால் குரல் கொஞ்சம் தடிப்பாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த ஹவில்தார் அழகுமலை அவர்கள் இந்திய ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் கிளப்புக்கு வந்தவர். இங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்று அவர் ரூமில் இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. "செக்யூரிட்டியா அண்ணே?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், உண்மைதானே?

எங்கள் கிளப்பில் கௌபாய் போட்டி என்று ஒன்று உண்டு. பழைய அமெரிக்கக் குதிரைக்காரர்கள் மாதிரி தொப்பியும் தோல் சட்டையும் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரி லீவர் ரைபிளால் இரும்புத் தகடுகளைச் சுடவேண்டும். டிரிகருக்குக் கீழே வளையம் போல ஒரு லீவர் இருக்கும். அதை முன்னே தள்ளினால் பழைய தோட்டாக் கூடு வெளியே விழும். பின்னே இழுத்தால் புதுத் தோட்டா ஏறும். யார் சீக்கிரம் சுட்டு முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. ஹவில்தார் முதன்முதலாக இதைப் பார்த்த அன்று என் காதருகில் வந்து, "என்ன ரிபாய் இது, இந்த வெயில்ல மாறுவேடப் போட்டியா?" என்றார். போட்டிக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். பாலைவனப் பருந்து, கறுப்புக் குதிரை என்றெல்லாம் வைத்திருப்பார்கள். இவரிடம் கேட்டபோது, "நான் ரிட்டையர் ஆன ஹவில்தார். அதைவிட என்ன பட்டம் வேணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

ஆனால் அந்த ரைபிள்களை அவர் எப்படிப் பார்த்தார்! கடையிலிருந்து புதிதாக வரும் ரைபிளின் லீவர் முரண்டு பிடிக்கும். திறந்து, உரசுகிற இடங்களை எல்லாம் நைசாகத் தேய்த்து, ஸ்பிரிங்கை அளவாக இளக்கி, ஒரு விரலால் ஓட்டுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பார். எண்ணெயை ஊற்றமாட்டார். இந்த ஊர் மணல் எண்ணெயைக் கண்டால் அப்பிக்கொள்ளும் என்பார். தொட்டுத் தடவி, பிறகு துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிடுவார். போட்டி முடிந்த கையோடு கூட்டமெல்லாம் பிரியாணிக்குப் போகும். அவர் மட்டும் ரைபிள் குழாய்க்குள் பிரஷ் விட்டுக்கொண்டிருப்பார். "வாங்கண்ணே, ஆறிப்போகும்" என்றால், "பிரியாணி ஆறினா சுட வச்சுக்கலாம். இதுல அழுக்கு காஞ்சா அப்புறம் நான்தான் மல்லுக்கட்டணும்" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த ரைபிளைச் சும்மா நீட்டமாட்டார். தோட்டா இல்லை என்று உங்களுக்குக் காட்டுவார். பிறகு லீவருக்கும் ரைபிளின் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு திர்ஹம் காசைச் செருகி, "இப்ப இழுங்க" என்பார். இழுத்தால் டிரிகர் அசையாது. காசை எடுத்துவிட்டு லீவரை முழுக்க மூடினால்தான் அசையும். ஏன்? லீவருக்குப் பின்னால் குச்சி போல ஒரு சின்னத் தடுப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. லீவர் முழுக்க மூடி அதை அழுத்தினால்தான் டிரிகர் விடுபடும். தோட்டா சரியாக உட்காருவதற்கு முன்னால் வெடித்துவிடாமல் காப்பது அந்தக் குச்சிதான். காசு வைத்து இழுத்துக் காட்டாமல் ஒரு ரைபிள்கூட அவர் மேசையை விட்டுப் போனதில்லை. மேடத்துக்கும் அப்படித்தான், ஷேக் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

எங்கள் உறுப்பினர் ராஜிக் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். தேராவில் ஜவுளிக்கடை. கோப்பைமேல் அவருக்கு ஒரு வெறி. ஹவில்தாரிடம் வந்து, "அந்தத் தடுப்பு கையில இடிக்குது, வேகம் குறையுது, எடுத்து விட்ருங்களேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஹவில்தார் சொன்னார்: "பாய், லீவரை இன்னும் இளக்கித் தர்றேன், பட்டு மாதிரி ஓடும். குச்சியில மட்டும் கை வைக்க மாட்டேன். மூஞ்சி போச்சுன்னா வேற மூஞ்சி எந்த மால்லயும் கிடைக்காது." விஷயம் அதோடு கலாஸ் என்றுதான் நினைத்தோம்.

போன மாதப் பயிற்சியில், லீவர் முழுக்க மூடும் முன்பே, ஹவில்தார் இளக்கிக் கொடுத்த ராஜிக் பாயின் ரைபிள் வெடித்தது. பித்தளைக் கூடு பிளந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. அல்லாஹ் காப்பாற்றினான், கண் தப்பியது. நான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாள் கிளப் முழுக்க ஒரே பேச்சு: அழகுமலை ஸ்பிரிங்கைக் கூடுதலாக இளக்கிவிட்டான். விசாரணை முடியும்வரை லீவில் இருங்கள் என்று அவரைக் கேம்புக்கு அனுப்பினார்கள். மேடம், விதிப்படிதான் செய்தீர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் விசாரணை முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு.

அவர் உடல் ஊர் போய்ச் சேரும் முன்பே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் மகள் பானுமதி எனக்குப் போன் போட்டாள். "சித்தப்பா, அப்பா தப்பாச் செஞ்சதாலதான் ஒருத்தருக்கு அடிபட்டுச்சாமே, காலேஜ்லகூடக் கேக்குறாங்க, நெசமா?" என்றாள். நெசமில்லை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கையில் என்ன ஆதாரம் இருந்தது அன்று? ஒன்றுமில்லை. அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், போனை வைத்துவிட்டு அழுதேன்.

பிறகு மேடத்திடம் போய் நின்றேன். அவரை முன்னால் வைத்து அந்த ரைபிளை எடுத்தேன். காசைச் செருகி இழுத்தேன். டிரிகர் அசையவில்லை! எத்தனை முறை இழுத்தாலும் அசையவில்லை! ஹவில்தார் செய்த வேலையில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியானால் அன்று எப்படி வெடித்தது? குச்சியைச் சுற்றி விரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. பசை! டேப் ஒட்டிப் பிய்த்த பசை. குச்சியை உள்ளே அழுத்தி மேலே டேப்பைச் சுற்றிவிட்டால் தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். துடைத்துத் துடைத்துக் கொடுக்கிற மனிதரின் மேசையிலிருந்து பசையோடு ஒரு ரைபிள் வருமா?

இன்று காலை ராஜிக் பாய் என் ரூமுக்கு வந்தார். கன்னத்தில் தையல் இன்னும் ஆறவில்லை. அவரே சொன்னார். வரிசையில் நிற்கும்போது டேப் ஒட்டியதும் அவர்தான், என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கூட வந்திருந்த தன் தம்பியை விட்டுப் பிய்த்து எறியச் சொன்னதும் அவர்தான். "மேடையில நீங்களே சொல்லிருங்க ரிபாய், எனக்கு வாய் வராது" என்றார். நான் சொன்னேன்: "அவர் எப்படி வேலை செஞ்சார்னு நான் சொல்றேன். நீங்க என்ன செஞ்சீங்கன்னு நீங்கதான் சொல்லணும்." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். மனசு கேட்காமல் முக்கால்வாசியை நானே கொட்டிவிட்டேன், மன்னியுங்கள் பாய். ஆனாலும் மதினியும் பிள்ளையும் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

நண்பர்களே! மேடம் நேற்று எனக்கு அந்த மேசைப் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். கிளப்பில் இருக்கும் அத்தனை லீவர் ரைபிளையும் பிரித்துப் பார்க்கும்வரை அடுத்த போட்டி கிடையாது. காசு வைத்து இழுத்துக் காட்டாமல் எவர் கையிலும் ரைபிள் போகாது. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஹவில்தார் அழகுமலை அவர்களிடம் கோபித்துக்கொண்டவர்கள் எல்லாரும் இரண்டு கண்ணோடுதான் வீடு போனார்கள்.

ராஜிக் பாய் எழுந்துவிட்டார். வழி விடுங்கள், வரட்டும். மதினி, பானுமதியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.