டாக்டர் வெஸெலாவும் திருநாள் ஆட்டுக்குட்டியும்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, நாற்பதாம் நாள் வழிபாட்டை முடித்துக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் பாதிரியார் அவர்களே, மந்தைகளை அடைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் மேய்ப்பர்களே, இறந்தவர் நினைவாக அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு கலங்கி நிற்கும் தாய்மார்களே, என் ஆய்வகத் தோழர்களே!

டாக்டர் வெஸெலா கரமினோவா மறைந்துவிட்டார். ஊர்க் கம்பங்களில் அவர் படம் போட்ட இரங்கல் தாளை நானே ஒட்டினேன். ஒட்டிய பிறகும் மனம் நம்ப மறுக்கிறது.

அவர் செய்த வேலைதான் என்ன? ஆட்டுக்குட்டியின் குண்டிக்காயிலிருந்து, அதாவது சிறுநீரகத்திலிருந்து, உயிருள்ள செல்களைப் பிரித்தெடுத்தார். கண்ணாடிக் குடுவையில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார். வைரஸ் உயிருள்ள செல்லில் மட்டும்தானே பெருகும்! நம் ஆடுகளுக்கு எந்த நோய் வந்தாலும், அது இன்னதென்று அந்தக் குடுவையில்தான் கண்டுபிடித்தார்.

அந்தக் குண்டிக்காய்க்கு எங்கே போவார்? புனித ஜார்ஜ் திருநாளில் வீட்டுக்கு வீடு குட்டி அறுக்கிறோமே, அன்று விடிந்ததும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நம் பெண்கள் விட்டுவைப்பார்களா?

“டாக்டரம்மா, பாதிரியாருக்கு ஒண்ணாவது மிச்சம் வையுங்க! அவரு பாவம், குட்டிய மந்திரிச்சுட்டு வெறுங்கையோட போறாரு!”

“அவருக்குத்தான் தொடையே போகுதே, இந்தச் சின்னதை எனக்குக் குடுத்தா என்னவாம்?” என்பார் டாக்டர். பாதிரியார் சிரிக்கிறார். உண்மைதானே, தந்தையே?

ஒரு வசந்தத்தில் ட்ராகனா கிராமத்தில் ஓர் ஆட்டுக்கு முகமெல்லாம் கொப்புளம். மந்தைக்குச் சொந்தக்காரர் வேறு யாருமல்ல, டாக்டரின் உடன்பிறந்த தம்பி ராங்கெல்.

“வாய்ச் சிரங்குதான்க்கா. வருஷா வருஷம் வர்றதுதானே!” என்றார் அவர்.

“இருக்கட்டும்டா. குடுவையில போட்டுப் பாத்துடுறேன்.”

பார்த்தார். முந்தைய திருநாளில் இதே தம்பி வீட்டுக் குட்டியிலிருந்து எடுத்து, உறைய வைத்திருந்த செல்கள்! கொப்புளத்திலிருந்து எடுத்ததைச் சேர்த்ததும் அவை செத்து உதிர்ந்தன. அம்மையை அடக்கும் சீரத்தைக் கலந்த குடுவையில் மட்டும் பிழைத்துக்கொண்டன. அப்படியானால் அது சிரங்கல்ல, ஆட்டம்மை. ஆட்டம்மை என்றால் சட்டப்படி மந்தை முழுவதையும் கொன்று புதைக்க வேண்டும்.

“சந்தேகம்னு மட்டும் சொல்லிடலாமே டாக்டர், மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும்” என்றார் எங்களில் ஒருவர்.

“அவங்க முடிவு பண்றதுக்குள்ள ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடும். என் தம்பி யாருன்னு அம்மைக்குத் தெரியாது” என்றார் டாக்டர் வெஸெலா. சொல்லிவிட்டு, தம்பியிடம் தாமே நேரில் போய்ச் சொன்னார்.

ராங்கெலின் மந்தை மண்ணுக்குள் போனது. அக்கம்பக்கத்து ஊர்களின் மந்தைகள் பிழைத்தன. இங்கே அமர்ந்திருக்கும் மேய்ப்பர்களே, உங்கள் ஆடுகள் இன்றும் மலையேறுகின்றனவே, யாரால்?

“இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல” என்று கதவைச் சாத்தினார் ராங்கெல். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எந்த அண்ணன் தம்பியும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பான்.

அடுத்த திருநாளில் ராங்கெல் வீட்டில் அறுக்கக் குட்டியே இல்லை. அதற்கடுத்த திருநாளில் புதிய மந்தையின் முதல் குட்டி இருந்தது. டாக்டர் எல்லா வீடுகளுக்கும் போனார். தம்பி வீட்டு வாசலில் மட்டும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் ஓட்டுநர். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ராங்கெல் ஒரு மூடிய கிண்ணத்தைக் கொண்டுவந்து காரின் மேல் வைத்தார்.

“கெட்டுப்போறதுக்குள்ள கொண்டு போ” என்றார்.

ஆய்வகம் போய்ச் சேரும்வரை டாக்டர் அழுதார். ஆனால் கிண்ணத்தைப் பிடித்த கை ஆடவே இல்லை!

நண்பர்களே, இப்போது தலைநகரில் சொல்கிறார்கள், அவர் போய்விட்டார், செல் வளர்ப்பு அறையையும் மூடிவிடலாம் என்று. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் பதில் வருமாம். அந்தப் பதில் வரும்வரை அம்மை ஆற்றங்கரையில் காத்திருக்குமா? இயக்குநர் அவர்களே, மரியாதையோடு சொல்கிறேன், அந்த அறையின் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் தரப்போவதில்லை. என் தோழர்களும் தரமாட்டார்கள். குடுவைகளுக்கு இன்று காலையும் ஊட்டம் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். வேலையை விட்டு நீக்கினால் நீக்குங்கள், அந்த அறை மூடாது!

நாளை புனித ஜார்ஜ் திருநாள். நான் உள்ளே வரும்போது வாசலில் ராங்கெல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா இல்ல. நாளைக்கு யாரு வரப்போறா? குண்டிக்காயைச் சட்டியிலயே போட்டுடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

பதிலை உள்ளே சொல்கிறேன் என்று அவரையும் கையோடு அழைத்து வந்தேன். இங்கே, உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

சட்டியில் போடாதீர்கள், ராங்கெல். விடிந்ததும் நான் வருகிறேன்.