பிசின் கட்டியில் பாதி

இஷா தொழுகை முடிந்து வெகுநேரம். நம் தீவின் திக்சம் மேட்டிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகும் ஆட்டுத்தடம்... ஆளில்லை, ஆடில்லை. காற்றுக் காலம் வேறு.

இதோ உட்கார்ந்திருக்கிற நம் ஈசாவின் தாய்மாமன் தானிக்கு நடந்தது இது. நெருங்கி உட்காருங்கள்.

தானி ஓடிக்கொண்டிருந்தான். வீட்டில் மனைவி மஸ்னாவுக்குப் பெண் பிறந்திருந்தது. உதிரம் நிற்கவில்லை. பாய் நனைந்து, கீழே மண்ணும் நனைந்துவிட்டது. பேறு பார்த்த அவன் அக்கா ஸுமைலா பிசின் வைக்கும் சிமிழைக் கவிழ்த்துத் தட்டினாள். சிவப்புத் தூசிகூட விழவில்லை.

"பால் சட்டியில சிவப்புப் பூ வரையறேன்னு பிசினையெல்லாம் கரைச்சுத் தீர்த்திருக்கா உன் பொண்டாட்டி! குருதி மரத்துப் பிசின் ஒரு கட்டி கொண்டாடா. தண்ணியில கரைச்சுக் குடுத்தாத்தான் நிக்கும். ஓடு!"

பக்கத்து மரங்களையெல்லாம் அந்த வருடம் சுரண்டியாயிற்று. மிச்சம், விளிம்பில் குடை விரித்து நிற்கும் கிழமரம் ஒன்றுதான். தானியின் பாட்டனார் சிறுவனாக இருந்தபோதும் அது இதே உயரம்தானாம். இருட்டியபின் அங்கே யாரும் போவதில்லை.

மரத்தை நெருங்கும்போதே கேட்டது.

சரக்... சரக்...

கத்தியால் பட்டையைச் சுரண்டுவதுபோல் சத்தம்.

டார்ச் அடித்தான். ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்று சுரண்டிக்கொண்டிருந்தான். தன்னைப்போல் அவசரத்தில் வந்தவன் என்றுதான் தானி நினைத்தான். சலாம் சொன்னான். சரக்... சரக்...

தானி மறுபக்கம் போய்ப் பட்டை வெடிப்புகளில் விரல் விட்டுத் துழாவினான். பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெம்பி எடுத்தான்.

சுரண்டல் நின்றது.

"கிடைச்சுதா, தம்பி?"

அந்த ஆள் இப்போது தடத்தை மறித்து நின்றான். தானிக்குப் பின்னால் பள்ளம். காற்று தானியின் தலைத்துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஆளின் கைலி மட்டும் அசையவே இல்லை. அவன் சுரண்டிய இடத்தில் வெளிச்சம் விழுந்தது. பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

"எனக்கும் குடு. என் பொண்டாட்டிக்கு உதிரம் நிக்கல. எவ்வளவு நேரமா சுரண்டுறேன்... வரவே மாட்டேங்குது."

தானி கட்டியை இறுக்கிப் பிடித்தான். "என் வீட்லயும் அதேதான், அண்ணே... இதுவே பத்துமோ என்னவோ."

அவன் விலகவில்லை. ஓரடி முன்னால் வந்தான். ஆழமான குகைக்குள் அடிக்குமே, ஈரக்கல் வாடை... அது. தானி பின்வாங்கினான். காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. விழுந்த சத்தம் வரவேயில்லை.

மஸ்னாவின் முகம் கண்முன் வந்தது. தானி குந்தி, கட்டியைப் பாறைமேல் வைத்துக் கத்திப்பிடியால் தட்டினான். இரண்டாயிற்று. ஒரு பாதியை நீட்டினான். வாங்கிய விரல்களில்... நகம் ஒன்றுகூட இல்லை. சுரண்டிச் சுரண்டி விரல்நுனிகளே தேய்ந்துபோயிருந்தன.

"போதும். அவ சின்ன உருவந்தான்," என்றான் அந்த ஆள். "ரெண்டு ஈச்சமரத்துக்குக் கீழ என் வீடு. நீ முன்னால போ. இருட்டுல எனக்குத் தடம் பிடிபடல."

அந்த ஈச்சமரங்களுக்குக் கீழே வீடு கிடையாது. கூரையில்லாத நாலு சுவர்தான். தானி பிறப்பதற்கு முன்பே அப்படித்தான் கிடக்கிறது.

தானி நடந்தான். திரும்பவில்லை. பின்னால் வெறுங்கால் சத்தம்... தப்... தப்... ஈச்சமரம் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒரே ஓட்டம்.

ஸுமைலா பிசினைப் பொடித்து, கரைத்து, மஸ்னாவின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். விடியும் முன் உதிரம் நின்றது. தானி சுவரில் சாய்ந்து அழுதான். நடந்ததை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

காற்று கொஞ்சம் ஓய்ந்தது. அப்போதுதான் கேட்டது... ஈச்சமரங்கள் பக்கமிருந்து, பச்சைப் பிள்ளையின் அழுகை.

"அங்க யாருடா குடியிருக்கா?" என்றாள் ஸுமைலா.

அழுகை வீறிட்டு வீறிட்டு... சட்டென்று அடங்கியது. வாயில் முலை வைத்ததும் பிள்ளை அடங்குமே... அப்படி.